பின் நம்பர் அடிக்கும் முன் தெரியும் பெயர்

பென்னாகரம், அரூர், தேன்கனிக்கோட்டை பக்கத்துச் சின்ன அறக்கட்டளைகள் சிலவற்றுக்கு நான் ஆடிட்டர். ஆன்லைனில் நன்கொடை திரட்டுவது எப்படி என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். நம்ம ஊர்ப் பிள்ளைகள் பெங்களூரிலும் திருப்பூரிலும் சம்பாதிக்கிறார்கள். சொந்த ஊருக்குச் செய்ய மனசும் இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் உருக்கமாக ஒரு பதிவு, கீழே செயலாளரின் சொந்த ஜிபே நம்பர் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள்.

கொடுப்பவர் பக்கம் நின்று பாருங்கள். க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து 500 என்று அடிக்கிறார். பின் நம்பர் கேட்கும் முன் திரையில் பெயர் வருகிறது. போஸ்டரில் அறக்கட்டளை, திரையிலோ முன்பின் தெரியாத யாரோ ஒருவர். அந்த இடத்தில் கை நின்றுவிடும். போலி வசூல் நடக்கிற காலத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது.

செயலாளருக்கும் இது ஆபத்து. சொந்தக் கணக்கில் விழுந்த பணம் தன் வருமானம் இல்லை என்று அவர்தான் விளக்க வேண்டும். அதில் ஏதோ ஒரு தொகை மோசடிப் பணமாக இருந்து சைபர் கிரைம் புகாரில் கணக்கு முடங்கினால், வீட்டுச் செலவுக்கும் பணம் எடுக்க முடியாது. அறக்கட்டளையின் பான், அறக்கட்டளையின் வங்கிக் கணக்கு, அந்தப் பெயரிலேயே வங்கி தரும் க்யூஆர். இது மூன்றும் கையில் வந்த பிறகு கேளுங்கள்.

அடுத்தது ரசீது. நன்கொடை கொடுப்பவருக்கு வருமான வரியில் சலுகை கிடைக்கச் செய்யும் 80ஜி பதிவு இருந்தால், ஒவ்வொரு நிதியாண்டின் நன்கொடையாளர் விவரத்தையும் அது முடிந்து வரும் மே 31-க்குள் வருமான வரித் துறையின் 10பிடி படிவத்தில் ஏற்ற வேண்டும். அதற்குப் பெயர், முகவரி, பான் எல்லாம் வேண்டும். யூபிஐ-யில் வரும் பணத்தில் கொடுத்தவரின் பெயர் மட்டும்தான் தெரியும். பணம் வந்த அன்றே நன்றி சொல்லி விவரம் கேட்டுவிடுங்கள். மே மாதம் தேடினால் கிடைக்காது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிக் கழிவு கிடையாது. புதிய வரி முறையில் இருப்பவருக்கு 80ஜி கழிவே இல்லை. அதனால் வரிச்சலுகையை மட்டும் பெரிதாகக் காட்டிக் கேட்காதீர்கள்.

வெளிநாட்டுப் பணத்தில் இன்னும் கவனம் வேண்டும். துபாயில் வேலை செய்யும் இந்தியக் குடிமகன் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தருவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் தர்மபுரியில் பிறந்து அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர் தந்தால் அது வெளிநாட்டு நன்கொடை. அதை வாங்க வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்சிஆர்ஏ-வின் கீழ் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பணமும் புதுடெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் இறங்க வேண்டும். பாஸ்போர்ட் எந்த நாடு என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

நான் மிகவும் வருத்தப்படும் விஷயம், குழந்தைகள் இல்லத்துப் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுத்துப் பேஸ்புக்கில் போடுவது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு தடுக்கிறது; 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டம் இல்லையென்றாலும் அது தப்புதான். நாளைக்கு அந்த வரிசையில் நின்ற பெண் கல்லூரிக்குப் போவாள், அந்தப் படம் இணையத்தில் அப்படியே கிடக்கும். சமைத்த சாப்பாட்டைக் காட்டுங்கள், வாங்கிய நோட்டுகளைக் காட்டுங்கள், பில்லைக் காட்டுங்கள். முகம் வேண்டாம்.

என்ன கேட்கிறீர்கள் என்பதும் தெளிவாக இருக்கட்டும். ‘ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள்’ என்றால் யாருக்கும் எதுவும் புரியாது. ‘அஞ்செட்டி பக்கத்து மாலை வகுப்பு ஆசிரியைக்கு மாதம் 6,000 ரூபாய் சம்பளம் வேண்டும்’ என்றால் புரியும். மாதம் 200 ரூபாய் வீதம் 30 பேர் சேர்ந்தால் போதும். அதற்கு, ஒருமுறை சம்மதித்தால் மாதாமாதம் பணம் தானாக வரும் யூபிஐ ஆட்டோபே இருக்கிறது. ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் சேவையான பேமென்ட் கேட்வே வைத்துக்கொள்வது இதற்குத்தான் பயன்படும். அதன் கட்டணத்தை முதலிலேயே விசாரித்துக் கணக்கில் எழுதுங்கள். எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம் என்பதையும் கொடுப்பவரிடம் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள்.