‘பாவமன்னிப்புச் சீட்டு’: ஒரு பிழையான பெயர்

ஆண்டுதோறும் அக்டோபர் 31 நெருங்கும்போது, “பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்து மார்ட்டின் லுத்தர் கிளர்ந்தெழுந்தார்” என்ற வாக்கியம் எங்கிருந்தாவது காதில் விழுந்துவிடுகிறது. பள்ளி வரலாற்றுப் பாடத்திலும் போட்டித் தேர்வுக் கையேட்டிலும் அதைப் படித்துச் சலித்துவிட்டது என்றாலும் பொறுத்துக்கொள்ளலாம். சீர்திருத்தத் திருநாள் ஆராதனையில், அதுவும் லுத்தரன் சபையின் பிரசங்க பீடத்திலிருந்தே அது வரும்போதுதான் பொறுக்க முடியவில்லை. தண்டனை நீக்கம், பாவமன்னிப்பு என்று லுத்தர் பிரித்துக் காட்டப் பாடுபட்ட இரண்டு பொருள்களை இந்த ஒரு சொல் மறுபடியும் ஒன்றாக்கிவிடுகிறது.

இலத்தீன் மூலச்சொல் ‘இந்துல்கெந்தியா’. கனிவு, இளக்கம் என்பவை அதன் பழைய பொருள்கள். பிற்கால உரோமை வழக்கில் வரியையோ தண்டனையையோ விட்டுக்கொடுப்பதையும் அது குறித்தது. ஏசாயா 61:1இல் நம் வேதாகமத்தில் ‘விடுதலை’ என்றிருக்கும் இடத்தில் இலத்தீன் வேதாகமத்தில் இச்சொல்லே நிற்கிறது. ஜெர்மானியர் ‘அப்லாஸ்’ என்றார்கள். விட்டுவிடுதல் என்பது அதன் நேர்ப்பொருள். மூலத்தைப் பற்றி இவ்வளவு போதும்.

திருச்சபை வழக்கில் அது எதைக் குறித்தது என்பதே முக்கியம். பாவத்துக்குக் குற்றம், தண்டனை என இரண்டு பக்கங்கள் உண்டு என்று இடைக்காலப் போதகர்கள் வகுத்தார்கள். குற்றம் பாவசங்கீர்த்தனத்தில், அதாவது குருவிடம் பாவங்களை அறிக்கையிடும்போது, அவருடைய வாய்மொழியால் நீங்கும். குற்றம் நீங்கிய பிறகும் காலத்துக்குட்பட்ட ஒரு தண்டனை எஞ்சும். அதை இம்மையில் தவமுயற்சிகளாலோ, மறுமையில், மோட்சத்துக்கு முன் ஆன்மாக்கள் தூய்மை பெறும் இடமான உத்தரிக்கிற ஸ்தலத்திலோ தீர்க்க வேண்டும். எஞ்சிய அந்தத் தண்டனையைக் குறைப்பதோ முழுவதும் நீக்குவதோதான் இந்துல்கெந்தியா. சிறைக் கைதிக்கு நன்னடத்தைக்காக நாள் கழிப்பதை ஒத்தது அது. அவன் மேல் வந்த தீர்ப்பை யாரும் மாற்றுவதில்லை. 1967இல் ஆறாம் பவுல் முறையை மாற்றும்வரை கத்தோலிக்கத் திருச்சபை இவற்றில் பகுதியளவானவற்றை நாள்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் அளந்தே வழங்கிவந்தது. ஆக, அந்தத் திருச்சபையின் போதனைப்படியே இது பாவமன்னிப்பு அன்று. உத்தரிக்கிற ஸ்தலத்து ஆன்மாக்கள் ஏற்கெனவே மன்னிப்புப் பெற்றவை. அவற்றின் பெயரால் வாங்கிய தாளைப் ‘பாவமன்னிப்புச் சீட்டு’ என்றால் அந்த ஆன்மாக்களுக்கு எதைத்தான் மன்னித்தார்கள்?

எதிர்த்தரப்பாரிடம் வலுவான வாதம் ஒன்று உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. விற்றவர்களே அப்படித்தான் சொன்னார்கள் என்பது அந்த வாதம். மைன்ஸ் பேராயர் ஆல்பிரெக்ட் தம் போதகர்களுக்குக் கொடுத்த அறிவுரைத் தொகுப்பு, கிடைக்கும் அருள்களில் முதலாவது எல்லாப் பாவங்களுக்கும் முழு மன்னிப்பு என்றே தொடங்குகிறது. தொகையும் அதில் தரவாரியாகக் குறிக்கப்பட்டிருந்தது: அரசர்களுக்கும் பேராயர்களுக்கும் 25 பொன், அடுத்த நிலையினருக்குப் படிப்படியாகக் குறைவு, ஏழைகளுக்குப் பணத்துக்குப் பதில் ஜெபமும் உபவாசமும். திரட்டிய பணத்தில் பாதி உரோமையில் பேதுரு பேராலயக் கட்டுமானத்துக்கும், மறுபாதி ஆல்பிரெக்ட் பட்ட கடனுக்காக ஃபுக்கர் வங்கிக் குடும்பத்துக்கும் போயிற்று. அந்தப் போதகர்களில் ஒருவரான யோகான் டெட்செல் ஊர் ஊராகச் சென்று இதைத்தான் முழங்கினார். ஆகவே மக்கள் கையில் இருந்தது மக்களின் எண்ணத்தில் பாவமன்னிப்புச் சீட்டே, வரலாற்றாசிரியன் அதை அப்படியே சொன்னால் என்ன தவறு என்று கேட்கிறார்கள்.

வணிகன் தன் சரக்குக்கு இட்ட விளம்பரப் பெயரை வரலாறு ஏன் சுமக்க வேண்டும் என்பதே என் மறுகேள்வி. 1517இல் எழுந்த வழக்கே அந்தப் பெயரைப் பற்றியதுதான். சாக்சனியின் ஆட்சியாளர் பிரெடரிக் தம் நாட்டுக்குள் டெட்செலை அனுமதிக்கவில்லை. லுத்தர் பணியாற்றிய சாக்சனி நகரான விட்டன்பெர்க்கின் மக்கள் எல்லை தாண்டி யூட்டர்போக்குக்கும் செர்ப்ஸ்டுக்கும் ஓடினார்கள். அங்கே வாங்கிய தாளோடு திரும்பி வந்தவர்களின் பாவ அறிக்கையைக் கேட்கும் பொறுப்பு லுத்தருக்கு இருந்தது. மனம் வருந்த இனி அவசியமில்லை என்று நம்புகிறவனுக்குக் குரு என்ன சொல்வது? அவ்வாண்டு அக்டோபர் 31இல் இந்த விற்பனையை எதிர்த்து அவர் வெளியிட்ட 95 கூற்றுகளில் முதலாவது இந்தக் கேள்விக்கான விடையாகவே இருக்கிறது: விசுவாசியின் வாழ்நாள் முழுவதுமே மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்று கிறிஸ்து விரும்பினார். ஐந்தாவது, போப்பு தாமோ திருச்சபைச் சட்டமோ விதித்த தண்டனைகளை மட்டுமே நீக்க முடியும் என்கிறது. ஆறாவது, குற்றத்தைத் தேவன் மன்னித்துவிட்டார் என்று அறிவிப்பதைத் தவிர வேறு எதையும் அவர் செய்ய முடியாது என்கிறது. தண்டனை வேறு, மன்னிப்பு வேறு என்று இத்தனை நுணுக்கமாகப் பிரித்து எழுதியவரின் வரலாற்றை, இரண்டையும் ஒன்றாகக் குழைத்த சொல்லால் எழுதுவது மொழிபெயர்ப்பாளரின் அலட்சியம்.

தமிழில் கேடு இன்னும் ஆழமானது. ‘பாவமன்னிப்பு’ நமக்கு விசுவாசப் பிரமாணத்தின் சொல். “பாவமன்னிப்பும், சரீர உயிர்த்தெழுதலும், நித்திய ஜீவனும் உண்டென்று விசுவாசிக்கிறேன்” என்று ஞாயிறுதோறும் அறிக்கையிடுகிறோம். அதே சொல்லைக் காசுக்கு விற்ற ஒரு காகிதத்துக்கும் வைத்துவிட்டால், சிறு பிள்ளைக்கு எந்த மன்னிப்பு விலைக்குரியது, எது இலவசம் என்று எப்படி விளங்கும்? கத்தோலிக்கர் தங்கள் பழைய மந்திரத்தில் ‘பாவப்பொறுத்தல்’ என்று சொல்லிவந்ததால் அவர்களுக்கு இந்தச் சிக்கல் ஓரளவு குறைவு.

மன்னிப்பு உருதுச் சொல், ஆகவே ‘பொறுத்தல்’ ஒன்றே தமிழ் என்று சிலர் பரப்புவதை நான் ஏற்கவில்லை. உருதுவில் இருப்பது ‘மாஃபி’. ‘மன்னி’யின் உறவுகள் தெலுங்கிலும் கன்னடத்திலும் இருக்கின்றன, அங்கே மதித்தல் என்ற பொருளும் அவற்றுக்கு உண்டு. ‘பொறு’ அழகான சொல்தான். “உலகத்தின் பாவத்தைச் சுமந்து தீர்க்கிற” ஆட்டுக்குட்டியை அது நினைவூட்டவும் செய்கிறது. ஆனால் பொறுத்துக்கொள்பவன் கணக்கைக் கிழித்துவிட்டான் என்று பொருளாகாது.

வேதாகமத் தமிழில் ‘மன்னி’ வரும் இலக்கணத்தையும் பார்க்க வேண்டும். “எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்”, “பிதாவே, இவர்களுக்கு மன்னியும்”. மன்னிப்புப் பெறுகிறவர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார், கொடை பெறுகிறவரைப் போல. இன்றைய பேச்சில் ‘என்னை மன்னித்துவிடு’ என்று இரண்டாம் வேற்றுமைக்கு மாறிவிட்டோம். செய்தித்தாள்களோ ‘மன்னிப்புக் கோரினார்’ என்பதை வருத்தம் தெரிவித்ததற்கெல்லாம் போட்டுத் தேய்த்துவிட்டன. 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசம் என்ற வினாவிடை நூலில் லுத்தர் பாவ அறிக்கைக்கு இரண்டு பகுதிகளை மட்டுமே சொல்கிறார்: பாவத்தை அறிக்கையிடுவது, மன்னிப்பை தேவனிடமிருந்தே பெறுவதுபோலக் குருவானவரிடமிருந்து பெறுவது. தீர்க்க வேண்டிய மிச்சம் என்று மூன்றாவது பகுதி அங்கே இல்லை. பரமண்டல ஜெபத்தின் ஐந்தாம் விண்ணப்பத்துக்கு எழுதிய விளக்கத்தில், நாம் நாள்தோறும் மிகுதியாகப் பாவம் செய்து தண்டனைக்கே தகுதியானவர்களாயிருந்தும், தேவன் எல்லாவற்றையும் கிருபையாகவே தர வேண்டும் என்று கேட்கிறோம் என்கிறார். உடனே, நமக்குக் குற்றம் செய்கிறவர்களுக்கு நாமும் மனதார மன்னித்து, மகிழ்ச்சியோடு நன்மை செய்வோம் என்கிறார். அடுத்த வீட்டுக்காரனோடு வரப்புச் சண்டை போட்டவனும் தம்பியோடு பேசாமலிருப்பவனும் சொல்ல வேண்டிய ஜெபம் இது. இந்த வீட்டுச் சொல்லைத்தான் சீட்டில் ஒட்டியிருக்கிறோம்.

மாற்று என்ன? கத்தோலிக்கர் வழங்கும் ‘பரிபூரண பலன்’ அவர்களுடைய பக்தி முயற்சிகளுக்குப் பொருத்தமான பெயர். அதில் குறுக்கிட எனக்கு உரிமையில்லை. எனினும் வரலாற்று மாணவனுக்கு, எதிலிருந்து என்ன பலன் என்பதை அது சொல்வதில்லை. ‘பாவ விமோசனப் பத்திரம்’ பழைய பிழையையே வடமொழியில் சொல்கிறது. ‘சலுகைச் சீட்டு’ என்றால் பேருந்து நினைவுக்கு வரும். நான் பரிந்துரைப்பது ‘தண்டனைத் தள்ளுபடி’. கடன் தள்ளுபடியை அறியாத தமிழர் இல்லை. ஆடித் தள்ளுபடியின் வாடை அடிக்கிறதே என்று நண்பர் ஒருவர் சிரித்தார். 25 பொன்னில் தொடங்கும் அந்த விலைப்பட்டியலைப் பார்த்தால் அந்த வாடை இருப்பதும் நல்லதே. கொடுக்கப்பட்ட தாளுக்குத் ‘தள்ளுபடிப் பத்திரம்’ என்று தனிப்பெயர் வைக்க வேண்டும், ஏனெனில் தள்ளுபடி வேறு, அதற்குச் சான்றான தாள் வேறு. யாத்திரை சென்றும் ஜெபித்தும் தாளே இல்லாமல் தள்ளுபடி பெற்றவர்கள் உண்டு. தாளோ, பெயரும் நாளும் எழுத இடம் விட்டு அச்சடித்த படிவம். 1454-55லேயே மைன்ஸ் நகரில் அச்சானவை இன்றும் எஞ்சியிருக்கின்றன.

சொல் சரியா என்பதற்கு 36ஆம் கூற்றை உரைகல்லாகக் கொள்ளலாம். பழைய சொல்லில் அது “பாவமன்னிப்புச் சீட்டு இல்லாமலேயே பாவமன்னிப்பு உண்டு” என்று விடுகதையாகிவிடும். புதிய சொல்லில் இப்படி எழுதலாம்: “உண்மையாக மனம் வருந்துகிற எந்தக் கிறிஸ்தவனுக்கும், தள்ளுபடிப் பத்திரம் இல்லாமலேயே, தண்டனையிலிருந்தும் குற்றத்திலிருந்தும் முழு விடுதலை உரியது.”