பழ சாஸில் சர்க்கரையைக் கடைசியில் போடுங்கள்

பண்டிகை முடிந்த அடுத்த வாரம் என்னிடம் வருகிறவர்களின் சாப்பாட்டுக் குறிப்பேட்டில் எல்லாம் இருக்கும், சாஸ் மட்டும் இருக்காது. கேக் எத்தனை துண்டு, ரொட்டி எத்தனை, உருளைக்கிழங்கு எவ்வளவு என்று நேர்மையாக எழுதியிருப்பார்கள். இறைச்சியின் பக்கத்திலோ சீஸின் பக்கத்திலோ ஊற்றிக்கொண்ட அந்தச் சிவப்புப் பழ சாஸை மட்டும் யாரும் எழுதுவதில்லை. மறைக்கிறார்கள் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. தொட்டுக்கொள்ளத்தானே, அதையெல்லாமா எழுதுவது என்று விட்டுவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

உணவியல் ஆலோசகராக வேலை பார்க்கும் எனக்கு இது உறைத்தது ஒரு அம்மாவால். இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர், மாத்திரையையும் நடையையும் ஒரு நாள்கூடத் தவறவிடாதவர். "கேக் பக்கமே போகலை மேடம், பிறகு எப்படி இவ்வளவு ஏறியிருக்கு?" என்று கண் கலங்கக் கேட்டார். பேசிப் பார்த்ததில், "ரெண்டு கரண்டி பழ சாஸ் போட்டுக்கிட்டேன், அதுவும் வீட்டிலேயே செஞ்சது" என்றார். அடுத்த முறை வரும்போது அந்தக் கரண்டியையும், ஃப்ரீசரில் மிச்சம் வைத்திருந்த சாஸையும் கொண்டுவரச் சொன்னேன். என் மேசையில் இருக்கும் தராசில் வெறும் கிண்ணத்தை வைத்து, அன்றைக்குப் போட்ட மாதிரியே போடுங்கள் என்றேன். இரண்டு கரண்டி ஊற்றினார். தராசு 90 கிராம் காட்டியது. இரண்டு பேருமே கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

அவருடைய செய்முறை பலரும் பின்பற்றுகிற அதே பழைய கணக்குதான். கிரான்பெரி என்கிற சின்னச் சிவப்புப் புளிப்புப் பழம் 350 கிராம், சர்க்கரை ஒரு கப், அதாவது 200 கிராம், தண்ணீர் ஒரு கப். கொதித்து வற்றினால் ஏறக்குறைய 600 கிராம் சாஸ் வரும். ஆக சாஸில் மூன்றில் ஒரு பங்கு சர்க்கரை. 90 கிராம் சாஸில் 30 கிராம், ஒரு டீஸ்பூனுக்கு 4 கிராம் என்று வைத்தால் ஏழரை டீஸ்பூன். உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது, ஒருவர் ஒரு நாளில் பெறும் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குக் கீழே சேர்க்கும் சர்க்கரை இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் நின்றால் இன்னும் நல்லது என்று. அந்த 5 சதவீதம் சராசரியாக ஒரு பெரியவருக்கு நாளுக்கு 25 கிராம்தான். அந்த அம்மா கேக்கைத் தொடாமலேயே, தட்டின் ஓரத்தில் இருந்த ஒன்றிலேயே அதைத் தாண்டிவிட்டார்.

இதைக் கேட்டதும் வீட்டில் இருப்பவர்கள் முதலில் செய்வது, "அம்மாவுக்கு மட்டும் தனியா சர்க்கரை இல்லாம ஒரு கிண்ணம்" என்று எடுத்து வைப்பது. அன்பில் செய்வதுதான், ஆனால் தயவுசெய்து வேண்டாம். பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் மேசையில் ஒருவருக்கு மட்டும் தனிக் கிண்ணம் வைத்தால் அவர் நோயாளியாகத்தான் அங்கே உட்கார்ந்திருப்பார். அந்தச் சங்கடத்திலேயே பலர் மற்ற கிண்ணத்திலிருந்தும் எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள், இதை என்னிடம் எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே சாஸ், அதில் சர்க்கரை குறைவு. இப்படிச் செய்தால் நீரிழிவு இல்லாதவர்களுக்கும், குழந்தைகளுக்கும் சேர்த்தே நன்மை.

சரி, குறைப்பது எப்படி? பாதி சர்க்கரை போட்டுப் பார்த்தேன், வாயில் வைக்க முடியவில்லை என்று சொல்கிறவர்கள் அதிகம். அவர்கள் செய்முறையை அப்படியே வைத்துக்கொண்டு சர்க்கரையை மட்டும் குறைத்திருப்பார்கள். சாஸில் சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லை. புளிப்பையும் கசப்பையும் அடக்குகிறது, பழத்தில் இருக்கும் பெக்டின் என்ற நார்ப்பொருளோடு சேர்ந்து சாஸைக் கெட்டியாக்குகிறது, சீக்கிரம் கெடாமல் காக்கிறது. இதில் முதல் வேலைக்கு மட்டும் மாற்று வழி நிறைய இருக்கிறது, மற்ற இரண்டுக்கும் நாம் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும்.

மாற்ற வேண்டிய முதல் விஷயம் வரிசை. பெரும்பாலான செய்முறைகள் தண்ணீரையும் சர்க்கரையையும் முதலில் கொதிக்கவைத்து அதில் பழத்தைப் போடச் சொல்லும். சர்க்கரைப் பாகில் வேகும் பழம் எளிதில் மசியாது, தோலும் கொஞ்சம் விறைப்பாகவே நிற்கும். வெறும் தண்ணீரில் வேகவைத்தால் பழம் சீக்கிரம் உடைந்து, சாறும் பெக்டினும் தானாகவே வெளியே வரும். அதைவிட முக்கியம், முதலிலேயே ஒரு கப் கொட்டிவிட்டால் பிறகு திரும்ப எடுக்க முடியாது. கடைசியில் போட்டால் நாக்கு போதும் என்று சொல்லும் இடத்தில் நிறுத்தலாம். சர்க்கரையைக் கடைசியில் போடுங்கள் என்ற இந்த ஒரு வரியை நான் எல்லாரிடமும் சொல்கிறேன். மற்றதெல்லாம் மறந்தாலும் இது நினைவிருந்தால் போதும்.

இரண்டாவது, புளிப்புப் பழத்தைத் தனியாக விடாதீர்கள். கிரான்பெரியில் 100 கிராமுக்குச் சர்க்கரை 4 கிராம் அளவுதான் இருக்கும், அமிலமோ எக்கச்சக்கம். அதோடு நன்றாகப் பழுத்த பேரிக்காயோ ஆப்பிளோ சேர்த்தால், அவற்றில் 100 கிராமுக்கு 10 கிராம் வரை இயற்கையான இனிப்பு இருப்பதால், பாதி வேலை முடிந்துவிடும். நான் வீட்டில் செய்கிற அளவு இது: கிரான்பெரி 300 கிராம், தோல் சீவி நறுக்கிய ஆப்பிளும் பேரிக்காயும் சேர்த்து 230 கிராம், தண்ணீர் அரை கப், ஒரு துண்டு பட்டை, ஒரு சிட்டிகை உப்பு. ஆப்பிள், பேரிக்காய், பட்டை, தண்ணீரை முதலில் மூடி போட்டு ஐந்து நிமிடம் வேகவிடுங்கள், பிறகு கிரான்பெரியைப் போடுங்கள். ஓரிரு நிமிடத்தில் தோல் பட் பட்டென்று வெடிக்கிற சத்தம் கேட்கும். முக்கால்வாசி வெடித்ததும் தீயைக் குறைத்து, கரண்டியின் முதுகால் பாத்திரத்தின் ஓரத்தில் வைத்து நசுக்கிவிடுங்கள். கரண்டியால் அடியில் ஒரு கோடு போட்டால் அந்தக் கோடு ஒரு நொடி நின்று பிறகு மூடினால் பதம் சரி, அடுப்பை அணைத்துவிடலாம். ஆறும்போது இன்னும் கெட்டியாகும், அதனால் அடுப்பிலேயே கெட்டியாக்கப் பார்க்காதீர்கள்.

அணைத்த பிறகுதான் சர்க்கரை, 60 கிராம். கூடவே ஒரு ஆரஞ்சுப் பழத்தின் தோலை வெள்ளைப் பகுதி வராமல் துருவிப் போடுங்கள். பட்டை, ஆரஞ்சுத் தோல், வனிலா இவையெல்லாம் இனிப்பான பண்டங்களோடு சேர்த்தே நாம் முகர்ந்து பழகியவை, அதனால் அந்த வாசனை வந்தாலே நாக்குக்கு இனிப்பு கூடின மாதிரி தோன்றும். உப்பு கசப்பை அடக்கும், கிரான்பெரித் தோலின் அந்தத் துவர்ப்புக் கலந்த கசப்புக்கு ஒரு சிட்டிகை செய்யும் உதவி இரண்டு டீஸ்பூன் சர்க்கரைக்குச் சமம் என்பது என் அனுபவம்.

இன்னும் புளிப்பாக இருந்தால் ஒரு வழி இருக்கிறது, சமையல் சோடா. கால் டீஸ்பூனுக்கும் குறைவாக எடுத்து, சாஸ் சூடாக இருக்கும்போதே தூவுங்கள், உடனே நுரைத்துப் பொங்கி அடங்கும். அமிலத்தின் ஒரு பகுதியை அது சமன்செய்துவிடுவதால் சர்க்கரை கூட்டாமலேயே புளிப்பு இறங்கும். கை தாராளமாகிவிட்டால் மட்டும் சிவப்பு மங்கி ஊதாவாகி, சோப்பு வாடை வரும், பிறகு காப்பாற்ற முடியாது. சிட்டிகை சிட்டிகையாகப் போடுங்கள்.

ருசி பார்ப்பதிலும் நாம் ஏமாறுகிறோம். இனிப்பான பானம் எதையாவது குடித்துக்கொண்டே சமைப்போம், அதே நாக்கில் சாஸை வைத்தால் புளி மாதிரிதான் இருக்கும், உடனே இன்னும் அரை கப் சர்க்கரை உள்ளே போகும். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் பாருங்கள். தனியாகக் கரண்டியில் எடுத்து நக்கிப் பார்க்கவும் வேண்டாம். இந்த சாஸ் உப்பும் கொழுப்பும் உள்ள உணவோடு சாப்பிடுவதற்குத்தானே? அப்படியானால் அந்த உணவில் ஒரு சின்னத் துண்டு எடுத்து அதோடு தொட்டுப் பாருங்கள், தனியாகப் புளித்த அதே சாஸ் அங்கே சரியாகப் பொருந்தும். குளிர்ச்சியில் இனிப்பு மங்கலாகத் தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள். உருகிப்போன ஐஸ்கிரீம் ஏன் அவ்வளவு திகட்டுகிறது, அதே காரணம்தான். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் பரிமாறாமல் அரை மணி நேரம் முன்பே வெளியே வைத்தால், சேர்த்த கொஞ்சச் சர்க்கரையும் நன்றாகத் தெரியும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். இந்த அளவில் செய்தால் 600 கிராம் போலச் சாஸ் வரும், சேர்த்த சர்க்கரை 60 கிராம். இரண்டு மேசைக்கரண்டி, அதாவது 30 கிராம் சாஸில் சேர்த்த சர்க்கரை 3 கிராம், பழத்தின் சொந்த இனிப்பு இன்னொரு 2 கிராம். பழைய முறையில் அதே இரண்டு மேசைக்கரண்டியில் சேர்த்தது மட்டுமே 10 கிராம். கத்தியால் வெட்டுகிற அளவுக்கு ஜெல்லியாக இது நிற்காது, அதற்கு நிறையச் சர்க்கரை வேண்டும். கெட்டியாகவே வேண்டும் என்றால் ஒரு கப் சாஸுக்கு ஒரு மேசைக்கரண்டி சியா விதை கலந்து இருபது நிமிடம் விடுங்கள், தண்ணீரை இழுத்துக்கொண்டு கூழ் போலாகிவிடும். பிளம், செர்ரி, ராஸ்பெரி எதிலும் இதே வரிசையில் செய்யலாம். நன்றாகப் பழுத்த பிளம் என்றால் எனக்கு 20 கிராம் சர்க்கரைக்கு மேல் தேவைப்பட்டதில்லை.

"சர்க்கரைக்குப் பதில் தேன் போட்டேன்" என்று சந்தோஷமாக வந்து சொல்கிறவர்களிடம் இதைச் சொல்ல எனக்கு ஒவ்வொரு முறையும் மனம் கஷ்டப்படும். தேன், மேப்பிள் சிரப், பழுப்புச் சர்க்கரை, பழச்சாறு செறிவு எல்லாம் உடலுக்குள் போனால் சர்க்கரைதான். மேலே சொன்ன 25 கிராம் கணக்கில் தேனிலும் பழச்சாற்றிலும் இருக்கும் சர்க்கரையும் அடக்கம். வாசனைக்காக ஒரு ஸ்பூன் தேன் போடுங்கள், அளவைக் கூட்டிக்கொள்ள அதை ஒரு சாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தை வீட்டில் இருந்தால் தேன் சேர்த்த எதையும் அந்தக் குழந்தைக்குத் தொட்டு வைக்கக்கூடாது, பாட்டுலிசம் என்கிற அரிய, ஆபத்தான நச்சு பாதிப்பு வரலாம்.

செயற்கை இனிப்பூட்டிகள் பற்றியும் கேட்பார்கள். நீரிழிவு உள்ளவர்கள் அளவோடு பயன்படுத்துவதை நான் தடுப்பதில்லை. ஆனால் எடையைக் கட்டுப்படுத்துவதற்கான வழியாக இவற்றை நம்ப வேண்டாம் என்று 2023-ல் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது, ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களை அந்தப் பரிந்துரையில் சேர்க்கவில்லை. சமையலிலும் சிக்கல் உண்டு. ஆஸ்பர்டேம் அதிக நேரம் கொதித்தால் இனிப்பை இழக்கும், எரித்ரிட்டால் ஆறியதும் பொடிப்பொடியாகப் படிந்து நறநறக்கும், சார்பிட்டால் போன்றவை அதிகமானால் வயிற்றை உப்பவைக்கும். வீட்டில் நாய் இருந்தால் சைலிட்டால் கலந்த சாஸ் ஒரு துளிகூட அதன் வாய்க்குப் போகக்கூடாது, நாய்களுக்கு அது விஷம்.

கடையில் வாங்குகிறவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. பொருட்களின் பட்டியல் எடையில் அதிகமானதிலிருந்து தொடங்கும். முதல் இரண்டு மூன்று பெயர்களுக்குள் சர்க்கரை, குளுக்கோஸ் சிரப், பழச்சாறு செறிவு எது இருந்தாலும் முன்பக்கத்தில் என்ன எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள்.

சர்க்கரை குறைந்த சாஸ் பழைய சாஸ் மாதிரி மாதக்கணக்கில் தாங்காது. நன்றாகக் கழுவி உலர்த்திய கண்ணாடிப் பாட்டிலில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம், அதற்கு மேல் வேண்டுமென்றால் சின்னச் சின்ன டப்பாக்களில் ஃப்ரீசரில் வையுங்கள். விருந்து மேசையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்ததைத் திரும்பவும் பாட்டிலில் ஊற்ற வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் கிரான்பெரியை நிறையச் சாப்பிடும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், பாட்டிலில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டுங்கள். செய்த தேதியும், ஒரு மேசைக்கரண்டியில் எவ்வளவு சர்க்கரை என்பதும் அதில் இருக்கட்டும், நம் அளவுக்கு அது பழத்தின் இனிப்பையும் சேர்த்து இரண்டரை கிராம். இன்சுலின் போடுகிறவர்கள் சாப்பாட்டின் கார்போஹைட்ரேட்டைக் கணக்கிட்டுத்தான் ஊசியின் அளவை முடிவு செய்வார்கள், வழக்கமான சாஸ் என்று நினைத்து ஊசியை அதிகம் போட்டுவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்துபோகும். பாட்டிலோடு மேசைக்கரண்டி ஒன்றையும் மேசையில் வைத்துவிடுங்கள், குழம்புக் கரண்டி சமையலறையிலேயே இருக்கட்டும்.