அரசியின் பற்கள் கறுத்தது எப்படி?

டியூடர் மரபினர் ஆண்ட காலத்து (1485–1603) இங்கிலாந்தில் நன்றாக உண்டு வாழ்ந்த செல்வர்களுக்குப் பற்கள் கெட்டுப்போனது ஏன் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கேள்வியில் பொருள் இருக்கிறது. 1598இல் கிரீனிச் அரண்மனையில் முதலாம் எலிசபெத்தைப் பார்த்த பால் ஹென்ட்ஸ்னர் என்னும் ஜெர்மானியர், அரசியின் பற்கள் கறுத்திருந்ததைக் குறித்துவைத்து, சர்க்கரையை மிகுதியாக உண்பதால் ஆங்கிலேயருக்கு வரும் குறை இது என்றும் எழுதினார்.

மொராக்கோ முதலிய இடங்களிலிருந்து கப்பலில் வந்த சர்க்கரை அன்று செல்வர்க்கே கட்டுப்படியானது. எளியோர்க்கு இனிப்பென்றால் தேனும் பழமும்தான். இரண்டும் இனிப்புத்தானே என்று விட்டுவிட முடியாது. வாயிலுள்ள பாக்டீரியாக்கள் இவ்விரு இனிப்பையும் லாக்டிக் அமிலமாக்கும் என்பதும், அமிலத்தன்மை கூடக்கூடக் குறையும் அளவான பிஎச் 5.5க்குக் கீழே இறங்கினால் பல்லின் கடினமான மேலுறையான எனாமல் கரையத் தொடங்கும் என்பதும் பலரும் அறிந்தவை. ஆனால் சர்க்கரையின் மூலக்கூறு, குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கைகோத்து நிற்கும் இரட்டை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்னும் பாக்டீரியாவின் நொதி அந்தப் பிணைப்பை அறுத்து, அதில் அடங்கியிருந்த ஆற்றலைக்கொண்டே குளுக்கோஸ்களை ஒன்றோடொன்று கோத்து, குளுக்கன் என்னும் பசையை நெய்துவிடுகிறது. உமிழ்நீரால் எளிதில் கழுவ முடியாத அந்தப் பசைக்குள் பாக்டீரியா குடியேறி, சுரக்கும் அமிலத்தைப் பல்லின்மேலேயே தேக்கிவைக்கிறது. தேனிலோ குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் பெரும்பாலும் பிரிந்தே கிடப்பதால், அமிலம் உண்டாகுமே தவிர, பசை நெய்ய ஏற்ற பிணைப்பு மிகக் குறைவு. எனக்கு உயிர்வேதியியலில் இதைவிடப் பிடித்த தந்திரம் வேறில்லை.

இதனால் ஏழைகளின் பற்கள் முத்தாக இருந்தன என்று கொள்ளலாகாது. கோதுமைக்கு உறவான தானியமான ரையையும் பார்லியையும் கல் திரிகையில் அரைத்துச் சுட்ட ரொட்டியோடு கல்துகளும் வாய்க்குள் போனதால், கடைவாய்ப் பற்கள் தேய்ந்து தட்டையாயின. அதனால் உணவு தங்கும் குழிகள் மறைந்தது மட்டுமே அவர்களுக்குக் கிடைத்த ஆதாயம்.

வலி வந்தபின் மருத்துவம் இருசாராருக்கும் ஏறத்தாழ ஒன்றே. பல்லைப் புழு அரிக்கிறது என்று நம்பி, குரோசாணி ஓமத்தின் விதையை நெருப்பிலிட்டுப் புகை பிடித்தார்கள். நம்மூரில் பூச்சிப் பல்லுக்குக் கண்டங்கத்திரி விதையைப் புகைப்பதும் இதே நம்பிக்கையில்தான். 1597இல் வெளியான மூலிகை நூலில் ஆங்கிலேய மூலிகை அறிஞர் ஜான் ஜெரார்டு இந்த ஏமாற்றை உடைத்துக் காட்டுகிறார்: பல் பிடுங்குவோரில் சிலர் வீணை போன்ற லூட் கருவியின் மெல்லிய தந்தித் துண்டுகளைத் தண்ணீரில் நழுவவிட்டு, நோயாளியின் வாயிலிருந்து விழுந்த புழுக்கள் என்று காட்டிக் காசு பார்த்தார்களாம்.