அப்பாவின் பட்டாள டிஸ்சார்ஜ் புக்கில் அம்மாவின் பெயர் சரியாக இருக்கிறதா?

முள்ளோடை தாண்டினால் புதுச்சேரி. இந்தப் பக்கம் ரெட்டிச்சாவடி, கடலூர் மாவட்டம். பார்க்க ஒரே ஊர் மாதிரிதான் இருக்கும். ஆனால் பட்டாளத்தில் இருந்து வந்தவர் எல்லைக் கோட்டுக்கு எந்தப் பக்கம் குடியிருக்கிறார் என்பதை வைத்துத்தான் எந்த மாநில அரசின் உதவி அவருக்கு என்பது முடிவாகிறது. கடலூர் மாவட்டத்தில் இருப்பவர் கடலூரில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிய வேண்டும். பாகூர் பக்கம் வீடு கட்டிக்கொண்டவருக்குப் புதுச்சேரி அரசின் சைனிக் நலத்துறை. பென்ஷனும் இ.சி.எச்.எஸ். மருத்துவ வசதியும் மத்திய அரசுடையவை, அவை எங்கே இருந்தாலும் மாறாது.

சீருடை போட்ட எல்லோரும் இந்தக் கணக்கில் வருவதில்லை. தரைப்படை, கடற்படை, விமானப்படை மட்டும்தான். சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். போன்ற துணை ராணுவ ஆட்கள் வரமாட்டார்கள். முப்படையிலும்கூட பென்ஷன் இல்லாமல், சொந்த விருப்பத்தில் பாதியில் எழுதிக்கொடுத்துவிட்டு வந்தவருக்குப் பொதுவாக இந்தத் தகுதி கிடையாது.

பதிந்தவருக்குத் தமிழ்நாட்டில் என்ன கிடைக்கும்? டி.என்.பி.எஸ்.சி. மூலம் நிரப்பும் குரூப் சி நிலைப் பணிகளில் 5 விழுக்காடு ஒதுக்கீடு, வயதுச் சலுகை, இரண்டு முறை தேர்வுக் கட்டண விலக்கு. பிள்ளைகளுக்குப் பொறியியல் கலந்தாய்வில் தனியாக 150 இடங்கள் உண்டு, மருத்துவத்திலும் சில இடங்கள் உண்டு. இதற்கு, இன்ன படைவீரரின் பிள்ளை என்று மாவட்ட அலுவலகம் தரும் சார்ந்தோர் சான்றிதழ் வேண்டும். பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு ஓடாதீர்கள், முன்பே பேசி வைத்துவிடுங்கள்.

தொழில் தொடங்க நினைப்பவர்களுக்கு 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டம் 2025 ஆகஸ்டில் வந்திருக்கிறது. ஒரு கோடி ரூபாய் வரை வங்கிக் கடன், 30 விழுக்காடு மூலதன மானியம், வட்டியில் 3 விழுக்காடு மானியம். பண்ருட்டிப் பக்கம் முந்திரி கம்பெனி வைக்க ஆசைப்படும் ஒருவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. நாற்பது வயதிலேயே ஊர் திரும்பி, ஏ.டி.எம். வாசலில் காவலுக்கு உட்காரும் நம் ஆட்களை நினைத்தால், இந்தத் திட்டம் இன்னும் நிறையப் பேர் காதில் விழ வேண்டும் என்று தோன்றுகிறது.

பென்ஷன் இல்லாதவர்களைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். ஹவில்தார் பதவி வரை இருந்து, பென்ஷன் இல்லாமல், 65 வயது கடந்தவருக்கு மத்திய முப்படை வீரர் வாரியம் மாதம் 4,000 ரூபாய் கொடுத்து வந்தது. 2025 நவம்பரில் இருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு அது 8,000 ரூபாய். அவர் இல்லாவிட்டால் மனைவி விண்ணப்பிக்கலாம். மகள் திருமணத்துக்கான உதவியும் 50,000 ரூபாயில் இருந்து ஒரு லட்சமாகியிருக்கிறது. பணம் டெல்லியில் இருந்து வந்தாலும், விண்ணப்பத்தைச் சரிபார்த்து அனுப்புவது நம் மாவட்ட அலுவலகம்தான்.

இவ்வளவும் இருந்தும் கிடைக்காமல் போவது பெரும்பாலும் ஒரு பெயரால். எங்கள் வீட்டிலேயே நடந்தது. அப்பா பட்டாளத்தை விட்டு வரும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கில் அம்மாவின் பெயர் 'செல்லம்', ஆதாரில் 'செல்லம்மாள்'. அப்பா இருந்தவரை யாரும் அதைக் கேட்கவில்லை. அவர் போன பிறகு குடும்பப் பென்ஷன் எட்டு மாதம் நின்றது. "நாற்பது வருஷம் குடும்பம் நடத்தினேன், நான்தான் அவர் பெண்டாட்டின்னு இன்னும் எத்தனை பேர்கிட்ட கையெழுத்து வாங்கணும்பா?" என்று அம்மா கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

படைவீரர் உயிரோடு இருக்கும்போது இதைத் திருத்துவது எவ்வளவோ சுலபம். அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டு, மாவட்ட அலுவலகம் வழியாக, தன் பணி ஆவணங்களை வைத்திருக்கும் படையின் ரெக்கார்டு ஆபீசுக்கு அனுப்பலாம். மனைவி பெயர், பிறந்த தேதி, பிள்ளைகள் எல்லோரின் பெயர் என்று ஒவ்வொன்றாக ஆதாரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கடைசிப் பிள்ளை ஓய்வுக்குப் பிறகு பிறந்திருந்தால் அந்தப் பெயர் புத்தகத்தில் ஏறியிருக்கவே இருக்காது.

போகும்போது அசல் டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. என்கிற பென்ஷன் ஆணை, அடையாள அட்டை, இருவரின் ஆதார், வங்கிப் புத்தகம், கணவன் மனைவி சேர்ந்து எடுத்த போட்டோ எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். எந்தக் காகிதம் எதற்கு, எந்த அறைக்குப் போக வேண்டும் என்று அப்பா இருக்கும்போதே அம்மாவுக்கும் தெரிந்திருக்கட்டும்.