மாதாமாதம் மருந்துக்கே போகும் பணம்: சீட்டில் இருக்கும் பெயரிலிருந்து தொடங்குங்கள்

அம்மாவுக்குச் சர்க்கரை நோய் வந்து பல வருடங்கள் ஆகின்றன. 2023-ல் டாக்டர் எம்பாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரையைப் புதிதாகச் சேர்த்தார். ஒரு மாத்திரை ஏறக்குறைய 60 ரூபாய். தினம் ஒன்று என்றால் மாதம் 1,800 ரூபாய், அந்த ஒரு மருந்துக்கு மட்டும். 2025 மார்ச்சில் அந்த மருந்தின் காப்புரிமை முடிந்தது. உடனே பல இந்திய கம்பெனிகள் அதே மருந்தைத் தயாரித்து இறக்கின. மாத்திரை 10 ரூபாய்க்கும் குறைவாகக் கிடைக்க ஆரம்பித்தது. ஆனால் அம்மா அதற்கு அப்புறமும் நான்கு மாதம் பழைய பிராண்டையே வாங்கிக்கொண்டிருந்தார். சீட்டில் அந்தப் பெயர்தானே இருந்தது!

மெடிக்கல் ஷாப்பில் ஒருநாள் நானே கேட்டுப் பார்த்தேன். கடையில் இருந்த தம்பி தெளிவாகச் சொன்னார்: "அண்ணே, சீட்டுல இருக்கற பேரைத்தான் நான் குடுக்கணும். மாத்தணும்னா டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க." அவர் சொன்னது சட்டப்படி சரி. மருந்து விதிகளில் 65-ஆம் விதியின்படி, டாக்டர் சீட்டு தேவைப்படும் மருந்துகளை விற்கும்போது, உள்ளே இருக்கும் மருந்து ஒன்றாகவே இருந்தாலும், சீட்டில் எழுதியதற்குப் பதிலாக வேறொன்றைக் கடைக்காரர் தானாகக் கொடுக்கக் கூடாது. பல பேருக்கு இது தெரியாது. கடைக்காரரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. பெயர் மாற வேண்டுமானால் டாக்டரின் பேனாவில்தான் மாற வேண்டும்.

அடுத்த முறை போனபோது அம்மாவே கேட்டுவிட்டார்: "டாக்டர், இதே மருந்து வேற கம்பெனியில விலை குறைச்சலா வருதாமே, அதை எழுதித் தர முடியுமா?" அவர் தயங்கவே இல்லை. "தாராளமா எழுதலாம்மா, நீங்க முன்னாடியே கேட்டிருக்கலாமே" என்று பிராண்டு பெயருக்குப் பதிலாக, உள்ளே இருக்கும் மருந்தின் பெயரையே எழுதிக் கொடுத்தார். மாதம் 1,800 ஆக இருந்தது 300-க்குள் வந்துவிட்டது. கேட்பது மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று அம்மா அத்தனை நாள் தயங்கியிருக்கிறார். தயங்க வேண்டிய விஷயமே இல்லை. மருந்துகளைப் பொதுப்பெயரில், அதாவது பிராண்டு இல்லாமல் மருந்தின் சொந்தப் பெயரில், புரியும்படி எழுத வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. நீங்கள் கேட்பது சலுகை அல்ல.

பொதுப்பெயர் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ஒரே மருந்து மட்டும் உள்ள மாத்திரைகளில், பிராண்டு பெயரைவிடக் குறைந்தது இரண்டு அளவு பெரிய எழுத்தில் மருந்தின் பெயரை அச்சிட வேண்டும் என்று 2018 செப்டம்பரிலிருந்து விதி இருக்கிறது. அதை மில்லிகிராம் அளவோடு சேர்த்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். 10 மி.கி.யும் 25 மி.கி.யும் வேறு வேறு. அளவு இல்லாமல் பெயரை மட்டும் குறித்தால் குழப்பம் வரும். இரண்டு மூன்று மருந்து சேர்ந்த மாத்திரை என்றால் எல்லாப் பெயர்களையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்தப் பெயர் கையில் இருந்தால் அப்புறம் எங்கே வாங்குவது என்ற கேள்வி சுலபமாகிவிடும்.

மத்திய அரசின் மக்கள் மருந்தகங்கள், அதாவது ஜன் ஔஷதி கடைகள், 2008-ல் தொடங்கியவை. இன்று நாடு முழுக்க 15,000-க்கும் மேல் இருக்கின்றன. பிராண்டு விலையில் பாதி முதல் பத்தில் ஒரு பங்கு வரைதான் இங்கே விலை. சிட்டாகிளிப்டினை எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் சர்க்கரை மாத்திரைதான். 2022-ல் அதன் காப்புரிமை முடிந்ததும், 50 மி.கி. மாத்திரை பத்து கொண்ட அட்டையை 60 ரூபாய்க்கு இங்கே விற்கத் தொடங்கினார்கள். அப்போது வெளியே பெரிய பிராண்டுகளின் விலை 160 முதல் 258 ரூபாய் வரை இருந்தது.

தமிழ்நாட்டில் முதல்வர் மருந்தகங்களும் இருக்கின்றன. 2025 பிப்ரவரி 24 அன்று 1,000 கடைகளோடு தொடங்கப்பட்டவை. கூட்டுறவுச் சங்கங்களும், மருந்தியல் படித்த தொழில்முனைவோரும் நடத்துகிறார்கள். ரேஷன் கார்டோ வருமானச் சான்றிதழோ எதுவும் வேண்டாம். டாக்டர் சீட்டோடு யார் வேண்டுமானாலும் போகலாம்.

இரண்டு வகைக் கடைகளிலும் ஒரு குறை உண்டு. எல்லா மருந்தும் எல்லா நாளும் இருப்பதில்லை. மாத்திரை தீர்ந்த அன்று போய் நிற்காமல், பத்து நாள் முன்னதாகவே போன் செய்து கேளுங்கள். ஜன் ஔஷதி சுகம் என்ற செயலியில் மருந்தின் பெயரைப் போட்டால் விலையும் பக்கத்தில் உள்ள கடையும் தெரியும்.

விலை குறைந்தால் தரமும் குறையுமோ என்ற பயம் நியாயமானது, எனக்கும் இருந்தது. ஜன் ஔஷதிக்கு, உலக சுகாதார நிறுவனத்தின் உற்பத்தித் தரச் சான்று பெற்ற ஆலைகளிலிருந்துதான் கொள்முதல். தயாரிக்கும் ஒவ்வொரு பேட்சும் ஆய்வகத்தில் சோதித்த பிறகே கடைக்கு வருகிறது. அம்மாவின் விஷயத்தில், மாற்றி மூன்று மாதம் கழித்து எச்.பி.ஏ.1.சி., அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தச் சோதனை, எடுத்துப் பார்த்தோம். நீங்களும் அப்படிச் செய்வது நல்லது, மனதுக்கும் நிம்மதி.

ஆனால் சில மருந்துகளில் கம்பெனியை உங்கள் இஷ்டத்துக்கு மாற்றவே கூடாது. வலிப்பு மருந்துகள், தைராய்டு மாத்திரை, வார்ஃபரின் போன்ற, ரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மருந்து, சிறுநீரக மாற்று அறுவை செய்தவர்கள் எடுக்கும் டாக்ரோலிமஸ் ஆகியவற்றில் ரத்தத்தில் சேரும் அளவு சிறிது மாறினாலும் பாதிப்பு வரலாம். டாக்டர் சம்மதித்து, மறுபடி ரத்தப் பரிசோதனைக்குத் தேதி கொடுத்தால் மட்டுமே மாற்றுங்கள்.

சாதாரண மெடிக்கல் ஷாப்பில் "20 சதவீதம் தள்ளுபடி" போர்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தள்ளுபடி எம்.ஆர்.பி.யிலிருந்து கொடுக்கப்படுவது. எம்.ஆர்.பி.யே மூன்று மடங்காக இருந்தால் 20 சதவீதம் போனாலும் மிச்சம் அதிகம்தான். ஜெனரிக் (பொதுப்பெயர் மருந்து) என்று சொல்லிக் கொடுக்கும் மாத்திரையிலும் பெரிய எம்.ஆர்.பி. அச்சாகியிருப்பது உண்டு. ஒரு மாத்திரைக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டு, அதை மட்டும் ஒப்பிடுங்கள்.

அடுத்து விலைக் கட்டுப்பாடு. தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2022 நிலவரப்படி 384 மருந்துகள் உள்ளன. இன்சுலின் கிளார்ஜின், டெனிலிகிளிப்டின் போன்றவை அந்த ஆண்டில்தான் சேர்ந்தன. இந்த மருந்துகளுக்கு, தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்சவரம்பு விலை வைக்கிறது. சந்தையில் குறைந்தது 1 சதவீதப் பங்குள்ள பிராண்டுகளின் சராசரி விலையை எடுத்து, சில்லறைக் கடைக்காரருக்கு 16 சதவீதம் சேர்த்துப் போடும் கணக்கு அது. அதற்கு மேல், ஜி.எஸ்.டி. தவிர, எந்தக் கம்பெனியும் வாங்கக் கூடாது. பட்டியலில் இல்லாத மருந்துகளுக்கு உச்சவரம்பு கிடையாது. ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் எம்.ஆர்.பி.யை ஏற்றக் கூடாது என்பதுதான் கட்டுப்பாடு. உச்சவரம்பைப் பார்க்க பார்மா சஹி தாம் என்ற செயலி இருக்கிறது. அதைவிடக் கூடுதல் விலை வாங்கியிருந்தால் பில்லை வைத்துக்கொண்டு ஆணையத்தின் 1800 111 255 என்ற இலவச எண்ணில் புகார் செய்யலாம்.

ஜி.எஸ்.டி.யும் குறைந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு 12 சதவீதத்திலிருந்து 5 ஆகவும், புற்றுநோய் உள்ளிட்டவற்றுக்கான 33 உயிர்காக்கும் மருந்துகளுக்கு முழு விலக்காகவும் மாற்றினார்கள்.

புற்றுநோய் மருந்து வாங்கும் குடும்பங்களின் சுமை இதைவிடப் பல மடங்கு. அவர்களுக்காக 2019-ல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இல்லாத 42 புற்றுநோய் மருந்துகளின் விற்பனை லாபம் 30 சதவீதத்துக்கு மிகாமல் கட்டுப்படுத்தப்பட்டது. ரத்தப் புற்றுநோய்க்கான இமாடினிப் கதை நமக்கு நெருக்கமானது. அதன் காப்புரிமை விண்ணப்பம் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் போடப்பட்டது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வழியாக உச்ச நீதிமன்றம் போய், 2013 ஏப்ரல் 1 அன்று காப்புரிமை மறுக்கப்பட்டது. மாதம் லட்சத்துக்கு மேல் ஆன மருந்து, இந்தியத் தயாரிப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குக்கும் கீழே கிடைப்பது அதனால் நிலைத்தது. எத்தனை வீடுகள் பிழைத்திருக்கும்!

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும். இந்தத் திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனையில் கீமோதெரபி எடுப்பதும் இதில் வரும். மெடிக்கல் ஷாப்பில் மாதாமாதம் வாங்கும் மாத்திரை இதில் வராது. அந்த மாத்திரைகளுக்கு அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பதிவு செய்துகொண்டால் பிரஷர், சர்க்கரை மருந்துகள் இலவசம். நடமாட முடியாதவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள்.

கடைசியாக வருமான வரி. பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும் இது. புற்றுநோய், நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு, பார்க்கின்சன் போன்ற குறிப்பிட்ட நோய்களின் செலவுக்கு, 80டிடிபி என்று நாம் அறிந்த பிரிவில் 40,000 ரூபாய் வரை, நோயாளிக்கு 60 வயது ஆகியிருந்தால் 1,00,000 வரை கழிக்கலாம். நிபுணர் எழுதிய சீட்டு வேண்டும். மருத்துவக் காப்பீடு எடுக்காத மூத்த குடிமக்களின் மருத்துவச் செலவுக்கு 80டி என்று நாம் அறிந்த பிரிவில் 50,000 வரை தனியாக உண்டு. ஆனால் ரொக்கமாகக் கொடுத்தது கணக்கில் வராது. அம்மாவின் மாத்திரைக்கு இப்போது யு.பி.ஐ. மூலமே பணம் செலுத்துகிறோம், பில்லில் அவர் பெயரை எழுதச் சொல்லி வாங்கி வைக்கிறோம்.