ரோடோடெண்ட்ரான்: ரோஜாவா, அரளியா, பூவரசா?

உயர்ந்த மலைகளில் பூக்கும் செடி ரோடோடெண்ட்ரான். பெயர் கிரேக்கச் சொல். 'ரோடோன்' ரோஜா, 'டெண்ட்ரான்' மரம். ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடிலில் ரோஜா பயிரிடுபவர்கள் இதையும் ரோஜா வகை என்று நினைக்கக்கூடும். ஆனால் இது எரிக்கேசி குடும்பம். புளூபெர்ரிதான் இதற்குச் சொந்தம்.

பழைய கிரேக்கரும் ரோமரும் இந்தப் பெயரால் அழைத்தது வேறொரு செடியை. ரோம எழுத்தாளர் பிளினி எழுதியதைப் பார்த்தால் அது அரளி! கிருஷ்ணகிரி வழியாகப் போகும் நெடுஞ்சாலையின் நடுத்திட்டில் பூத்து நிற்கிறதே, அதே அரளிதான். 1753-இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இன்றைய பேரினத்துக்கு, அதாவது நெருங்கிய இனங்களின் தொகுதிக்கு, அந்தப் பெயரை வைத்தார். அரளிக்கு நீரியம் என்ற பெயர் நிலைத்தது.

ஓசூர்ப் பக்கத்து மேலகிரியிலோ தேன்கனிக்கோட்டைக் காட்டிலோ ரோடோடெண்ட்ரானைத் தேட வேண்டாம். நீலகிரி, பழனி மலைகளின் உயரத்தில், சோலை ஓரத்துப் புல்வெளியில் நிற்கும். காற்று அறையும் இடத்தில் முறுக்கிய புதர், மறைவான இடத்தில் மரம். பூவும் ஒரே நிறமில்லை: கருஞ்சிவப்பு முதல் வெளிர் ரோஜா நிறம் வரை உண்டு, இமயத்தில் உயரம் ஏற ஏற வெள்ளையும் வரும். ஆகவே உருவத்தையும் நிறத்தையும் வைத்துப் பெயர் சொல்லக் கூடாது. கிளை நுனியில் கொத்தாக நிற்கும் தடித்த இலையைத் திருப்பி, அடியில் படிந்த மயிரைப் பாருங்கள். பிறகு பூவைப் பிரித்து மகரந்தத்தாள்களை எண்ணுங்கள்: பத்து இருக்கும். மகரந்தப்பை நெடுக வெடிக்காது. நுனித் துளை வழியாகவே தூள் வரும். அரளிக்கு ஐந்து தாள்தான். இலையும் மும்மூன்றாக நிற்கும்.

இந்த மாறுபாடு வகைப்படுத்தியவர்களையும் அலைக்கழித்தது. தாள் எண்ணிக்கையை நம்பி லின்னேயஸ் அசேலியா என்ற நெருங்கிய உறவுச் செடிகளைத் தனிப் பேரினமாக்கினார். பின்வந்தவர்கள் ரோடோடெண்ட்ரானோடு சேர்த்துவிட்டார்கள். நீலகிரிச் செடிக்குத் தாவரவியலாளர் ஜென்கர் 'நிலகிரிக்கம்' என்று தனி இனப்பெயர் கொடுத்தார். இன்று பலர் அதை 'ஆர்போரியம்' என்ற இமயத்து இனத்தின் துணையினமாகவே கொள்கிறார்கள். இடையிடையே எத்தனையோ நடுத்தர வடிவங்கள் இருக்கும்போது அதுவே சரி என்பது என் எண்ணம்.

தமிழில் என்ன சொல்வது? 'ரோஜாமரம்' வேண்டவே வேண்டாம். கிரேக்கரின் குழப்பத்தை நாமும் சுமப்பானேன்? தமிழிலும் மலையாளத்திலும் ஏற்கெனவே வழங்கும் பெயர் காட்டுப்பூவரசு. பூவரசு வேறு குடும்பம், செம்பருத்தியின் உறவு. அதன் தாள்கள் ஒரே குழலாக இணைந்திருக்கும். ஆனாலும் 'காட்டு' என்ற முன்னொட்டு, ஊர்ச்செடியின் சாயலில் தெரியும் வேறொன்றுக்குத் தமிழர் வழக்கமாகத் தரும் அடையாளம். காட்டாமணக்கும் அப்படி வந்ததே. நீலகிரிச் செடியைக் காட்டுப்பூவரசு என்றே எழுதலாம். ஆயிரத்தை ஒட்டிய இனங்கள் கொண்ட பேரினம் முழுவதையும் சுட்டும்போது மட்டும் ரோடோடெண்ட்ரான் என்று எழுதுங்கள்.