லாஸ்பேட்டையில் ஏர்பஸ் ஏன் இறங்குவதில்லை?

புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையத்தின் ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர். சென்னையின் பெரிய ஓடுபாதை 3,600 மீட்டரைத் தாண்டும். 2024 டிசம்பரில் ஹைதராபாத்துக்கும் பெங்களூருவுக்கும் இண்டிகோ தொடங்கிய சேவையில் வந்ததும் ஏடிஆர் 72 என்ற சின்ன விமானம்தான். டெர்மினலைப் பெரிதாகக் கட்டினால் பெரிய விமானம் வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். தடை தரையில் இருக்கிறது.

ஏடிஆர் பாதை முடிவதற்கு வெகு முன்பே எழும்பிவிடலாம். அப்புறம் மீதி எதற்கு? எழும்ப முடியாமல் போகும் நாளுக்கு. வேகமெடுத்து ஓடும்போது ஓர் இன்ஜின் நின்றுபோகிறது என்று வையுங்கள். குறிப்பிட்ட ஒரு வேகத்துக்குள் என்றால் விமானி பிரேக் பிடித்து, பாதை முடிவதற்குள் நிறுத்தியாக வேண்டும். அந்த வேகத்தைத் தாண்டிவிட்டால் நிற்கக் கூடாது. மீதமுள்ள இன்ஜினோடு ஏறியே ஆக வேண்டும். விமானத்தின் எடை, வெயில், காற்று மூன்றையும் வைத்து, ஒவ்வொரு முறை கிளம்பும் முன்பும் அந்த வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். இரண்டு முடிவுக்கும் இடம் கொடுக்காத ஓடுபாதையில் அந்த எடையோடு கிளம்பவே முடியாது. விமானவியலில் எனக்கு மிகவும் பிடித்த, மனித உயிரை மதிக்கும் கணக்கு இது.

இப்போது ஒப்பிடுங்கள். முழுச் சுமையோடு ஏடிஆர் சுமார் 23 டன். ஏறத்தாழ 210 கிலோமீட்டர் வேகத்தில் எழும்பும். ஏர்பஸ் ஏ320 சுமார் 78 டன். 260 கிலோமீட்டர் வேகமாவது வேண்டும். ஓடும் விமானத்தின் இயக்க ஆற்றல் எடையையும் வேகத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது என்பதால், பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் சுமார் ஐந்து மடங்காகிவிடுகிறது. முழு எடையில் ஏ320 கிளம்ப 2,000 மீட்டருக்கு மேல் தேவை.

வெயிலும் சேர்ந்துகொள்ளும். 40 டிகிரியில் காற்றின் அடர்த்தி, 15 டிகிரியில் இருப்பதைவிட சுமார் 8 சதவீதம் குறைவு. இறக்கைக்குத் தூக்கு விசை குறையும், இன்ஜினுக்கும் பலம் குறையும். அக்னி நட்சத்திரத்தில் கூடுதல் தூரம் ஓட வேண்டும். பிற்பகலில் கிழக்கிலிருந்து வீசும் கடல்காற்றை எதிர்த்துக் கிளம்பினால் கொஞ்சம் மீட்கலாம். ஓடுபாதையும் ஏறக்குறைய கிழக்கு மேற்காகத்தான் கிடக்கிறது.

சரி, நீட்டிவிடலாமே? பாதையோடு முடியாது, அதன் முனைக்கு அப்பாலும் பாதுகாப்புக்காக வெற்று நிலம் விட வேண்டும். சுற்றிலும் வீடுகள். விரிவாக்கத்துக்குத் தமிழ்நாட்டு எல்லைக்குள்ளும் நிலம் வேண்டும். அதைத்தான் புதுச்சேரி அரசு பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறது.